அரை மணி நேரமும் மேசைக்கடியில் ஓடிய பெட்டியும்

ஆளை மறைத்துச் செய்தி கடத்தும் வலையில் ரிலே ஓட்டுவது என்றால் என்னவோ வீரதீரச் செயல் என்று நினைத்துக்கொண்டுதான் இப்போதைய பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அண்மையில் ஹட்டனில் இருந்து வந்தவர்களும் அப்படித்தான். எங்கோ ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த கணினியில், தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஒரு ரிலேயை ஏற்றிவிட்டார்களாம். பழுது வந்தால் அதை அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்றுவார்களாம். அப்படியென்றால் அந்தக் காலத்தில் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். கூட்டினோம், துடைத்தோம், கடிகாரம் பார்த்தோம் என்றேன். சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலை செய்தது ஹட்டன் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகச் சொல்லிக்கொடுத்தோம். தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன், பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் கண்டியில் ஒரு பாடநெறி படித்தேன். அதில் பாதி நாள் கணினி இல்லாமலே கணினி படித்தோம். மீதியைப் பழுதான மெஷின்கள் சொல்லிக்கொடுத்தன.

அந்த வலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். இணையத்தில் ஒருவர் எதையாவது படித்தாலோ அனுப்பினாலோ, அது யாரிடமிருந்து போனது என்று வழியில் நிற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. உலகம் முழுக்கத் தொண்டர்கள் தங்கள் கணினியையும் தொலைபேசி லைனையும் கொடுத்து அதை நடத்துகிறார்கள். அப்படிக் கொடுத்த ஒவ்வொரு கணினியும் ஒரு ரிலே. உறைக்குள் உறை போட்ட கடிதம் மூன்று கை மாறிப் போவது மாதிரிதான் வேலை நடக்கும். தன் கைக்கு வந்த உறையைப் பிரித்தால் அடுத்த கையின் விலாசம் மட்டும் இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நாங்கள் நடுக்கை. எழுதியவரும் எங்களுக்குத் தெரியாது, போய்ச் சேரும் இடமும் தெரியாது. எங்கள் பெட்டியிலிருந்து எதுவும் நேரே வெளியுலகத்துக்குப் போகாதபடி பூட்டி வைத்திருந்தோம்.

இதை ஏன் ஓட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கடிதம் நேரே வராது. எல்லாருடைய கடிதமும் தப்பால் பையில் தோட்டத்து ஆபீசுக்கு வரும், ஆபீஸ் மனம் வைத்தால் நமக்கு வரும். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு எனக்கு வந்த கடிதம், பரீட்சை முடிந்த பிறகு ஓரம் பிரிந்து கிடைத்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது கணக்கப்பிள்ளை அதை அப்பாவிடம் நீட்டி, "ஒங்க மகளுக்கு இன்டர்வியூவாம்ல" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாராம். அவருக்கு அது நான் அறியுமுன்பே தெரிந்திருந்தது. பிரிக்காமல் கடிதம் கொண்டுபோகும் ஒரு வலை இருக்கிறது, நாமும் அதில் ஒரு கையாக இருக்கலாம் என்று கனகசபை சேர் சொன்னபோது, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கேட்டேன்.

கனகசபை சேர் எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் கணிதம் படிப்பிக்க வந்து, ஊரில் சண்டை முற்றியதும் இங்கேயே தங்கிவிட்டார். வெயிலிலும் கையில் குடை இருக்கும், சட்டைப் பையில் ஆணி கழற்றும் திருப்புளி ஒன்று இருக்கும். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மெஷின் பழுது என்றால் யாரும் உடனே அதைத் தொடக் கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணில் படுவதை மேலிருந்து கீழ்வரை சத்தமாகச் சொல்ல வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, திரையில் என்ன எழுத்து இருக்கிறது, அந்த வரி எங்கே முடிகிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். நடுவில், "கேபிள் போயிருக்கும் சேர்" என்று யாராவது அவசரப்பட்டால், "நிச்சயமோ, நினைப்போ?" என்பார். நினைப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பிள்ளைகளுக்கு முன்னால் கை கட்டி நிற்பது வேறு வெட்கமாக இருக்கும். மனிதர் அசைய மாட்டார்.

மூன்றாவது ஆள் மோகன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்ட டிவிஷன் ஒன்றிலிருந்து வந்தவன். தகப்பன் இல்லை. அம்மா மாரியாயி தேயிலைக் கொழுந்தெடுத்து அவனை ஏ.எல். உயர்தர வகுப்பு வரை படிக்க வைத்தார். எங்கள் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை அவனுடையது. ரிலேக்கான கணினியையும், வேண்டாம் என்று கழித்த மூன்று மெஷின்களிலிருந்து அவன்தான் உருவாக்கினான். அதற்குத் திரை கிடையாது. மேசைக்கடியில், செங்கல் மேல் வைத்திருந்தோம். ஓயாமல் பேசுகிறவன் அவன். மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு அந்தப் பெட்டியோடும் பேசுவான்.

தினசரி வேலை இவ்வளவுதான். காலையில் வந்ததும் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்ப்போம். ஜூன் ஜூலை மாதங்களில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளேயே வந்துவிடும். தகடு குளிர்ந்து ஈரம் கட்டியிருந்தால் துடைத்து, ஒரு பல்பை எரியவிட்டுக் காய வைப்போம். பிள்ளைகளின் வகுப்பு நடக்கும்போது ரிலே லைனை முழுக்க விழுங்காதபடி அதற்கு ஒரு வேக எல்லை போட்டிருந்தோம். மாசி, பங்குனி, சித்திரையில் மதியத்துக்கு மேல் இடி இடிக்கும். முதல் இடிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் மோடத்திலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்க வேண்டும். பிந்தினால் மோடம் கருகிப்போகும். எங்கள் லைனுக்கு நிரந்தரமான இணைய விலாசமும் கிடையாது. கரண்ட் போய் வந்தாலோ, கம்பியைக் கழற்றி மாட்டினாலோ மோடம் புதிதாக ஒரு எண்ணை வாங்கிக்கொள்ளும். பழைய எண் நாட்டில் வேறு யாருக்கோ போய்விடும். அந்த எண்ணை வைத்துத்தான் இணைய நிறுவனம் யாருடைய லைன் என்று கண்டுபிடிக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மோகனின் உயிர் இதில்தான் தொங்கியது.

2006 சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியது. அதற்கு முந்திய பத்து வருடம் நம் கடிகாரம் அரை மணி நேரம் முந்தியிருந்தது. அதைப் பழையபடி பின்னுக்கு இழுத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் முள்ளைத் திருப்பினால் வேலை முடிந்தது. கணினிக்கு அப்படி இல்லை. மணி என்ன என்பதோடு, உலகப் பொது நேரத்திலிருந்து இலங்கை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் அது தனியாக வைத்திருக்கும். நம் கணினிகள் எல்லாம் ஆறு மணி நேரம் என்று வைத்திருந்தன. இனிமேல் அது ஐந்தரை. நாடு முழுக்க எல்லாரும் செய்ததையே மோகனும் செய்தான். மணியை மட்டும் அரை மணி நேரம் பின்னுக்கு வைத்தான், ஆறை ஆறாகவே விட்டுவிட்டான்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் உலகத்தில் ஒரு ரிலேயும் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மோகன் கேபிளை மாற்றினான், மோடத்தை மாற்றினான், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். சேர் வந்து எங்கள் இருவரையும் கை கட்டி நிற்க வைத்தார். பெட்டிக்கு ஒரு திரையை இரவலாக மாட்டி வரி வரியாகப் படித்தோம். எங்கள் கடிகாரம் அரை மணி நேரம் பிந்தியிருப்பதாக மற்றக் கணினிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. சுவரிலும் கணினியிலும் ஒரே மணிதான். பிறகு எப்படிப் பிந்தும் என்று நான் சேரோடு சண்டை பிடித்தேன். வரியின் கடைசிவரை படியும் என்றார். கடைசியில் அந்த ஆறு இருந்தது; ஐந்தரைக்குப் பதில் ஆறைக் கழித்து உலகத்துக்கு நேரம் சொன்னதால்தான் பிந்தியிருக்கிறது. அதைத் திருத்தியதும் ரிலே உயிர் பெற்றது. நாங்கள் வடை வாங்கிச் சாப்பிட்டோம். அரை மணி நேரப் பிசகு என்றாலே ஆறும் ஐந்தரையும்தான் என்பது அன்று என் மண்டையில் ஏறியது.

அந்த வடையின் ருசி போகுமுன்பே பொலிஸ் வந்தது.

கொழும்பிலிருந்து ஒரு வாகனம், கூட நம் டவுன் பொலிஸ்காரர்களும் வந்தார்கள். நாட்டில் மறுபடி குண்டுகள் வெடிக்கத் தொடங்கியிருந்த நேரம். கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குக் குண்டு வைப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. வந்த விலாச எண்ணைக் காட்டி, அந்த நேரத்தில் அது யாரிடம் இருந்தது என்று இணைய நிறுவனத்திடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் நிலையத்தின் லைன் என்று பதில் வந்திருக்கிறது. குறிப்பிட்ட நாளில் மாலை நாலு பத்துக்கு இங்கே யார் இருந்தது என்று கேட்டார்கள். அன்று இடிமழை. மூன்று மணி வாக்கில் கரண்ட் போனதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நானும் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். சேர் நுவரெலியாவில் இருந்தார். நாலு மணி வாக்கில் கரண்ட் வரும்வரை, கம்பியை மாட்டுவதற்காக மோகன் மட்டும் இருந்தான். அதை அவனே சொன்னான். மேசைக்கடியில் திரையில்லாமல் ஓடிய பெட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். பெயர் தெரியாமல் செய்தி அனுப்ப உதவுகிற பெட்டி என்று அந்த அப்பாவி உள்ளது உள்ளபடி விளக்கம் கொடுத்தான். பெட்டியைச் சாக்கில் கட்டினார்கள், அவனைக் கையில் விலங்கோடு படியிறக்கினார்கள்.

அந்த நாட்களில் கொழும்புக்குக் கொண்டுபோன தமிழ்ப் பையன்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் வருடக்கணக்கில் வரவில்லை. மறுநாள் மதியம் மோகனைக் கொண்டுபோவார்கள் என்று, தெரிந்த ஒருவர் மூலம் கேள்விப்பட்டோம். காலையில் நானும் சேரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். மாரியாயி அக்கா எங்களுக்கு முன்னமே அங்கே நின்றார். வேலைக்குப் போகும் உடுப்போடேயே பஸ் ஏறியிருக்கிறார்.

வாசலில் சேர் நின்றுவிட்டார்.

"என்ரை அடையாள அட்டையிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. அதைக் கண்டா கதை வேறை பக்கம் போயிடும். நீர் போம், பிள்ளை," என்றார். அவ்வளவு பெரிய மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு வேலி ஓரமாக ஒதுங்கி நின்றார்.

உள்ளே, கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், நான் பேசியதைக் கேட்டார். எல்லாம் சிங்களத்தில்தான். ரிலே என்றால் என்ன, நாங்கள் ஏன் நடுக்கை, எங்கள் பெட்டியிலிருந்து ஏன் எதுவும் நேரே வெளியே போகாது என்று உறைக் கணக்கெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆளை மறைக்கும் மெஷின் இருக்கிற அதே விலாசத்திலிருந்து ஆளை மறைத்த மிரட்டல் வந்திருக்கிறது, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். வெளியே வாகனத்துக்கு டீசல் அடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் நான் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் யோசித்துச் செய்யவில்லை, அது பழக்கம். அந்த மின்னஞ்சலின் தாளை எனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தொடக் கூடாது என்றார். தொட மாட்டேன், கை பின்னால்தான் இருக்கிறது என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலிருந்து சத்தமாகப் படித்தேன். யாருக்கு, எந்த வழியாக, என்ன தேதி. பதினாறு பத்து. அதோடு வரி முடியவில்லை. அதற்குப் பின்னால் சின்னதாகக் கூட்டல் குறியும் ஆறும் இருந்தன.

"சேர், இந்த மின்னஞ்சலை வாங்கி நேரம் போட்ட கணினி இன்னும் பழைய நேரத்தில் இருக்கிறது," என்றேன்.

நாலு பத்து என்றால் நாலு பத்துதானே என்றார். இல்லை, அது புத்தாண்டுக்கு முந்திய நாலு பத்து, நீங்களும் நானும் கையில் கட்டியிருக்கிற நேரத்துக்கு அது மூன்று நாற்பது என்றேன். அந்தக் கணினியில் யாரும் முள்ளைக்கூடத் திருப்பியிருக்க மாட்டார்கள், எங்கோ ஒரு அறையில் ஆள் பார்க்காமல் கிடந்திருக்கும். இணைய நிறுவனத்திடம் இவர்கள் கேட்டது தப்பான நேரம். அவர் பேனாவை வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றார்.

"மூன்று நாற்பதுக்கு ஹட்டனில் கரண்ட் இல்லை சேர். எங்கள் மாடியில் மட்டும் இல்லை, டவுன் முழுக்க இல்லை. இந்த ஸ்டேஷனிலும் இருந்திருக்காது."

அவர் திரும்பி, கதவருகே நின்ற டவுன் கான்ஸ்டபிளைப் பார்த்தார். ஆமாம், அன்று இடி விழுந்து, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னேதான் கரண்ட் வந்தது, அதுவரைக்கும் லாம்பு ஏற்றி வைத்து எழுதினோம் என்று அவர் சொன்னார். கரண்ட் வந்த பிறகு எங்கள் மோடம் வாங்கிய புது எண்தான் இது, அதற்கு முன்னால் இது வேறு யாரிடமோ இருந்தது என்றேன். நீங்கள் நிச்சயமாகச் சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். கனகசபை சேர் கேட்கும் அதே கேள்வி, சிங்களத்தில். அந்தக் கணினியின் முள்ளும் எண் யாரிடம் இருந்தது என்பதும் என் நினைப்பு, மற்றதெல்லாம் நிச்சயம், அந்த மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்றேன்.

அவர் தொலைபேசியை எடுத்தார். முதலில் அந்தக் கொழும்பு அலுவலகத்துக்கு. போய் மின்னஞ்சல் கணினியின் மணியையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் ஒன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அரை மணி நேரம் வித்தியாசம். பிறகு இணைய நிறுவனத்துக்கு. அவர்கள் தேடிச் சொல்ல நேரம் எடுத்தது. இடையில் மோகனைக் கொண்டுவந்து வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். ஜன்னல் வழியாக எனக்கு அது தெரிந்தது. மாரியாயி அக்கா வாகனத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். பொலிஸ்காரர் ஒருவர் விலகச் சொன்னார், அவர் விலகவில்லை. அந்த நிமிடம் தொலைபேசி அடித்தது. அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு ஜன்னலால் தலையை நீட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

மூன்று நாற்பதுக்கு அந்த எண் வேறொரு லைனில் இருந்திருக்கிறது. யாருடையது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கூப்பிட்டால் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்று பின்னேரமே மோகனையும் சாக்கையும் விட்டார்கள். வாசலுக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

மோகன் மறுநாளே வேலைக்கு வந்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, இன்றுவரை நானும் கேட்கவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவான். அந்தப் பெட்டி சாக்கோடு மேசைக்கடியில் கிடந்தது. நிலையத்துக்கு வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து, இருக்கிற வேலை போதாதா, அந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தது கொழும்பில் ஒரு கடிகாரம், தண்டனை எங்கள் பெட்டிக்கா? நாளைக்கே ஓட்டுவோம் என்று சேரிடம் குதித்தேன்.

"பொலிஸ் கூட்டுக்குள்ளை இருந்தது உம்மடை உடம்போ? இல்லையே. அவன் சொல்லட்டும்," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மாரியாயி அக்கா படியேறி வந்தார். நல்ல சேலை கட்டி, தலை வாரியிருந்தார். மகனை வேலையை விட்டுக் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேசைக்கடியில் குனிந்து, "இதானுங்களா டீச்சர் அது?" என்று கேட்டார். ஆமாம், பயப்படாதீர்கள் அக்கா, அதை நிறுத்திவிட்டோம் என்றேன்.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்றார்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"எம் மகன் ஒரு தப்பும் பண்ணலன்னுதானே வெளிய விட்டாங்க. லயத்துல அத நான் ஒவ்வொரு வீடா சொல்லிக்கிட்டு திரியிறேன். இங்க நீங்களே சாக்குல கட்டிப் போட்டு வச்சிருந்தா, அப்ப என்னமோ இருந்திருக்குன்னு தானே ஆகும்? ஓட விடுங்க. ஓடுறத நான் பாத்துட்டுப் போறேன்."

சேர் மோகனைப் பார்த்தார். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு போய்ச் சாக்கை அவிழ்த்தான். பெட்டியைத் துடைத்து, செங்கல்லை நேராக வைத்து, கம்பியை மாட்டி, என் மேசையில் இருந்த திரையை எடுத்து அதற்குக் கொடுத்தான். ரிலே ஓடத் தொடங்கினாலும் மற்றக் கணினிகள் அதைச் சோதித்துப் பார்த்து, ஏற்றுக்கொண்டதாகத் திரையில் ஒரு வரி வர நேரம் எடுக்கும். அதைச் சொல்லி, மஸ்கெலியா பஸ் போய்விடும், நீங்கள் கிளம்புங்கள் அக்கா என்றேன். அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று அப்போதுதான் உட்கார்ந்தார். பிள்ளைகள் வகுப்பு முடிந்து போனார்கள். பேக்கரியிலிருந்து தேத்தண்ணி வந்தது, குடித்தோம். அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். மோகன் திரைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே நின்றான்.

"வந்துருச்சும்மா," என்றான்.

பொலிஸ் விட்ட பிறகு அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அதுதான்.